முகம் பொருந்தவில்லை

அமுதவள்ளிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காப்பாரிலிருந்து பஸ், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், இறங்கியபின் பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் நடை, கடைசியில் லிஃப்ட் இல்லாத ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடி. ஏறி வந்தவளை ஒரு மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார்கள். பார்ப்பதற்கு உர மூட்டை போல இருந்தது. அவளுடைய அப்பா தோட்டத்தில் அந்தப் பருமன் மூட்டைகளைத் தோளில் சுமந்தே முதுகு வளைந்து போனவர். உட்கார்ந்து பேசுவதற்கென்று மனிதர்கள் காசு கொடுத்து மூட்டை வாங்குவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தால் சொன்னவனைப் பைத்தியம் என்றிருப்பார். உட்கார்ந்ததும் மூட்டை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன.

"ஆன்டி, கம்ஃபர்ட்டபிளா இருக்கா?" என்று கேட்டாள் மதுமிதா. இயக்கத்தின் படங்களுக்கும் எழுத்துகளுக்கும் பொறுப்பாளர் அவள்தான்.

"எந்திரிக்கும்போது யாராச்சும் கை குடுத்தா போதும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இயக்கத்தின் பெயர் 'மனித முகம்'. மனிதர்களின் பிழைப்பை இயந்திரங்கள் தீர்மானிக்கக் கூடாது என்பது கொள்கை. உறுப்பினர்கள் எல்லாரும் பகலில் அந்த இயந்திரங்களைச் செய்யும் வேலையில் இருந்தார்கள். அதனால்தான் கூட்டத்தை எப்போதும் சனிக்கிழமைகளில் வைத்தார்கள். நிறுவனர் நாச்சியப்பன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. தாத்தா காலத்தில் வட்டிக்கடை, அப்பா காலத்தில் கட்டடங்கள், இவர் காலத்தில் மனசாட்சி.

கூட்டம் தொடங்கியது. முதலில் ஒவ்வொருவரும் தம் மனநிலையை ஒரு நிறமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வெளிர் நீலம் என்றார். இன்னொருவர் மழைக்கு முந்தின சாம்பல் என்றார். அமுதவள்ளியின் முறை வந்தது.

"எனக்குப் பசிக்குது தம்பி."

"அழகு" என்றார் நாச்சியப்பன். ஒத்துக்கொண்டால் கைதட்டக் கூடாது, விரல்களை மேலே தூக்கி ஆட்ட வேண்டும் என்பது விதி. எல்லாரும் விரல்களை ஆட்டினார்கள். சாப்பாடு வரவில்லை.

அவள் அங்கே வந்த காரணம் சுருக்கமானது. கணவன் விஜயன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. எழுந்து வாசல் கேட் வரை நடந்துவிட்டால் பத்துமலையில் முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டாள். நடந்தான். தைப்பூசத்தில் கொடுத்தாள். அவளுக்கு வேலை, ஆப் வழியாக ஆளேற்றிக் காடியை வாடகைக் காராக ஓட்டுவது. வீட்டில் இப்போது அது ஒன்றுதான் வருமானம். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, வேலையைத் தொடங்க ஆப்பைத் திறந்தாள். தினமும் தொடங்குமுன் அது முகத்தைக் காட்டச் சொல்லும். காட்டினாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினாள்.

'முகம் பொருந்தவில்லை' என்றது.

ரமணி கிள்ளான்காரி, அதே ஆப்பில் ஓட்டுகிறவள். தொலைபேசியில் கதையைக் கேட்டதும் அவள் சொன்னது இதுதான்: "அவ்வளவு கூட்டத்துல முருகனுக்கு உன்னைத் தெரிஞ்சிச்சு. இந்தக் கழுதைக்குத் தெரியலையா?" சொன்னதோடு நிற்கவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாட்டிய உடுப்பு விற்கும் கடையில் ஒரு பொய் முடி வாங்கி வந்தாள். இடுப்புவரை பின்னல், பின்னலில் குஞ்சலம். அதை மாட்டிக்கொண்டு அமுதவள்ளி மறுபடி கண்ணைச் சிமிட்டினாள். வேறொருவர் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார் என்று ஆப் முடிவு செய்து கணக்கைப் பூட்டியது. அன்றிலிருந்து பெட்ரோலுக்குக் காசில்லாமல் காடி வீட்டு வாசலிலேயே நின்றது. மாதம் முடிவதற்குள் முகம் பொருந்தாவிட்டால் கணக்கு அழிக்கப்படும், அழித்ததைத் திரும்பத் திறக்க வழியில்லை என்று செய்தி வந்தது. அவள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'மாயா' என்று ஒருத்தி பதில் போட்டாள். உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம் என்றாள். மாயா மனுஷியில்லை என்பது அமுதவள்ளிக்குப் பிறகுதான் தெரிந்தது.

சந்தனத் தலையோடு அவள் நின்ற படத்தை ரமணி ஊரெல்லாம் அனுப்பினாள். அது சுற்றிச் சுற்றி மதுமிதாவின் கைக்கு வந்தது.

"ஆன்டி, உங்க ஃபேஸ் ஒரு கிஃப்ட்" என்றாள் மதுமிதா அந்தக் கூட்டத்தில். "முடி இல்லாத ஒரு இந்தியன் வுமன். மெஷினுக்குத் தெரியல. இதைவிட கிளீனா ஒரு இமேஜ் கிடைக்காது."

"கணக்கைத் திறந்து குடுத்துடுவாங்களாம்மா?"

அன்றைய கூட்டத்தில் மிச்ச நேரம் அதைப் பற்றிப் பேசப்படவில்லை. இயக்கத்தினர் தங்களுக்குள் பேச எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்பதில் பிளவு இருந்தது. எல்லாரும் பயன்படுத்துவது பெரிய கம்பெனியுடையது, அதனால் அறமற்றது. எனவே உறுப்பினர் ஒருவர் இரண்டு மாதம் தூங்காமல் ஒரு செயலி எழுதியிருந்தார். பாதுகாப்பு மிகப் பலமாக இருந்தது. அமுதவள்ளி தன் போனில் அதைத் திறந்தபோது, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்றது. சாலை விளக்கு உள்ள படங்களைத் தொடச் சொன்னது. தொட்டாள். இல்லை என்றது. இன்னொரு முறை தொட்டாள். அதற்கும் இல்லை என்றது.

"பக் இருக்கு ஆன்டி, நெக்ஸ்ட் வெர்ஷன்ல சரியாயிடும்" என்றார் எழுதியவர். அதன்பின் அவளைப் பற்றிய முடிவுகள் எல்லாம் அவள் நுழைய முடியாத இடத்தில் எடுக்கப்பட்டன.

ஊர்வலம் அடுத்த சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோரத்துக் கடைக்காரர்களின் மன அமைதி கெடக் கூடாது என்பதால் கோஷங்களை வாயால் போடாமல் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நடப்பவர்கள் தலையில் மாட்டிய ஹெட்ஃபோன்களில் அவற்றைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். உள்ளே நெருப்பு, வெளியே மௌனம் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. பூக்கடை அக்கா ஒருத்தி அமுதவள்ளியின் கையைப் பிடித்து, "என்னாங்க, புது போனா? ஃப்ரீயா ஏதும் தர்றாங்களா?" என்று கேட்டாள். பின்னால் வந்த இளைஞன் ஒரு ஒட்டுவில்லை கொடுத்தான். அதில் அமுதவள்ளியின் தலை இருந்தது. முகம் இல்லை. தலை மட்டும், ஒரு நிலா மாதிரி.

"இது நீங்களா?" என்றாள் பூக்காரி.

"நான்தான்."

"என்னா வேண்டுதல்?"

"வீட்டுக்காரருக்கு."

பூக்காரி தலையாட்டி, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி எடுத்தவள், வைக்க இடமில்லாததைப் பார்த்துவிட்டு அதை அவள் கையில் சுற்றினாள்.

ஊர்வலம் முடிந்தது. எல்லாரும் களைத்துப்போய் மரநிழலில் நின்றுகொண்டு போனைத் தட்டினார்கள். காடிகள் வரிசையாக வந்தன. எல்லாம் அதே கம்பெனியின் ஆப்பில் அழைத்தவை. அதிலொன்றை ஓட்டி வந்தவள் ரமணி. அவள் கண்ணாடியை இறக்கி அமுதவள்ளியைப் பார்த்தாள். பின்பக்கம் ஏறிக்கொண்ட மூன்று போராளிகளையும் பார்த்தாள்.

"ஏறு அமுதா, உன்னைக் கிள்ளான்ல விடறேன்."

"இவங்க?"

"இவங்க பங்சார் போறாங்க. காசு குடுக்கறாங்க. நீ முன்னால உக்காருலா."

மாதம் பாதி கடந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. அமுதவள்ளிக்கு முடி முளைத்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, துடைப்பக்கட்டை போல, கைவைத்தால் குத்தியது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால், வாரி நெற்றிக்குக் கொண்டுவந்தால், ஆப் ஒருவேளை அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவள் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுமிதாவும் பார்த்தாள்.

"ஆன்டி, பேனர் எல்லாம் பிரின்ட் ஆயிடுச்சு. அதுல ஷைனிங்கா இருக்கு. இப்ப நீங்க வேற ஆள் மாதிரி இருக்கீங்க."

"அதைத்தான் ஆப்பும் சொல்லுச்சு."

மதுமிதா சிரிக்கவில்லை. அவளை நாச்சியப்பனிடம் அழைத்துப்போனாள். நாச்சியப்பன் தன் மூட்டையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முக்கியமானதைச் சொல்லும்போது தரையில் உட்காருவது அவர் வழக்கம்.

"ஆன்டி, ஓப்பனா பேசறேன். ஒரு அக்கவுண்ட் திரும்பக் கிடைச்சா அது சாரிட்டி. சிஸ்டம் மாறினாத்தான் சேஞ்ச். நாளைக்கே உங்க அக்கவுண்ட்டை ஓப்பன் பண்ணிட்டா நாங்க எதை வச்சுப் பேசறது? உங்க வலிக்கு ஒரு ஸ்கேல் இருக்கு. அதை நாம வேஸ்ட் பண்ணக் கூடாது. கம்பெனி ஹெட் ஆபிஸ்ல மீட்டிங் குடுத்துட்டாங்க. நீங்க அந்த இமேஜோட வரணும். அவ்வளவுதான்."

மீட்டிங் என்ற சொல் மட்டும்தான் அமுதவள்ளியின் காதில் நின்றது. சரி என்றாள்.

முடிவெட்டுக் கடை கீழேதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்கிற நடுவயதுக்காரர், புது பிளேடைப் பிரித்து, தண்ணீரைத் தெளித்து, கையை அவள் தலைமேல் வைத்துவிட்டு நின்றார். வேண்டிக்கொள்ள நேரம் கொடுத்தார்.

"எந்தக் கோயிலுக்கும்மா?"

அவளுக்குப் பத்துமலை நினைவு வந்தது. அங்கே விஜயன் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முடியிறக்கி முடியும்வரை உட்கார மாட்டேன் என்று நின்றான். இங்கே மதுமிதா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோயிலுக்கு இல்லைங்க. பேனருக்கு."

அவர் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"கண்ணு கலங்கினா துடைக்காதீங்க ஆன்டி, நல்லாருக்கு" என்றாள் மதுமிதா.

வீட்டுக்குப் போனபோது விஜயன் வாசலில்தான் இருந்தான். துண்டை இழுத்து மூடியிருந்தும் பார்த்துவிட்டான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் பேச்சு வாயின் ஒரு பக்கமாகத்தான் வரும். கோபத்தில் இன்னும் குழறும்.

"மறுபடியுமா?"

"ஒண்ணுமில்லீங்க."

"டாக்டரு என்னா சொன்னாங்க? எனக்கு என்னா? சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. சத்தியமா. இது வேற."

"எனக்கு இல்லாம யாருக்கு நீ மொட்டை போட்டே?"

மீட்டிங், இயக்கம், பேனர் எல்லாம் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஒரு மனுஷி தன் தலைமுடியை ஒரு துணிப் படத்துக்காக எடுப்பாள் என்று நம்ப அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை. அன்றிலிருந்து கேட் வரை நடப்பதை நிறுத்திவிட்டான். உள்ளே ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று எண்ணி, அசையாமல் படுத்துக்கொண்டான். சாப்பாட்டையும் பாதியில் தள்ளினான்.

மீட்டிங் நடந்தது. கம்பெனியின் சார்பில் சமூக உறவுத் தலைவி சந்திரகலா வந்தார். நாச்சியப்பனைப் பார்த்ததும் இருவரும் கட்டிக்கொண்டார்கள். முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்களாம். கம்பெனி செலவில் காப்பியும் பழத்துண்டும் இருந்தன. சந்திரகலா எழுந்து பேசினார்.

"எங்கக்கிட்ட தொழிலாளி யாரும் இல்லை. எல்லாரும் பார்ட்னர்ஸ். நாங்க யாரையும் நீக்கறதில்லை. அந்த வேர்டையே நாங்க யூஸ் பண்றதில்லை. அமுதவள்ளி ஆன்டி இப்ப ரெஸ்ட்ல இருக்காங்க. எங்க சிஸ்டம் கிட்டத்தட்ட எப்பவுமே கரெக்ட். தப்பாகிறது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் நாங்க மறக்கல. அவங்களுக்காகத்தான் மாயாவுக்கு இன்னும் அன்பா பேசக் கத்துக் குடுத்திருக்கோம். இன்னிக்கு எங்களை எதிர்க்கறவங்களோட ஒரே டேபிள்ல உக்காந்திருக்கோம். இதுதான் எங்க வெற்றி."

நாச்சியப்பன் விரல்களை ஆட்டினார். முகங்களின் பன்மை பற்றி இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை எழுதுவதென்று தீர்மானமானது. அமுதவள்ளி பேச மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முன்னால் பேசியவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது அவள் சந்திரகலாவை வாசலில் பிடித்தாள்.

"மேடம், மாசம் முடியப் போவுது. என் கணக்கை மட்டும் பாருங்க. வீட்டுக்காரர் சாப்பிட மாட்டேங்கறார்."

"ஆன்டி, உங்க கதை எங்களை ரொம்ப மாத்தியிருக்கு" என்றார் சந்திரகலா. கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போனார்.

இதைக் கேட்ட ரமணிக்கு வந்த கோபத்தில் திட்டம் எதுவும் இல்லை. "சுபாங் ஜெயால கம்பெனியோட டிரைவருங்க சென்டர் இருக்கு. ஏர்கோன் இருக்கு, நாற்காலி இருக்கு. நான் போய் உக்காரப் போறேன், நீயும் வா" என்றாள். போனார்கள். வாசலில் ஒரு மெஷின் நம்பர் தந்தது. அமுதவள்ளியின் நம்பர் வந்ததும் கவுன்டரில் இருந்த பெண், மாயாவுக்கு எழுதுங்கள் என்றாள். அடுத்தது ரமணியின் நம்பர்.

"உங்களுக்கு என்ன பிரச்சினைக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அமுதாவுக்கு என்னா ஆச்சு?"

"அதான் இப்ப சொன்னேனே."

"எழுதும்மா. ரமணி வந்தா, அமுதாவைப் பத்திக் கேட்டான்னு எழுது."

எழுதித்தான் ஆக வேண்டும். எடுத்த நம்பர் எதுவானாலும் அன்றே பதிவு செய்து முடிக்காமல் கவுன்டரை மூடக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்தப் பெண் பெருமூச்சு விட்டதைப் பார்த்துத்தான் ரமணிக்கு யோசனையே வந்தது. டிரைவர்கள் குழுவுக்குக் குரல் செய்தி போட்டாள்.

"டேய், சுபாங் பக்கம் இருக்கறவன்லாம் சென்டருக்கு வந்து ஆளுக்கொரு நம்பர் எடுங்க. அமுதாவுக்கு என்னா ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. சண்டை வேணாம், வீடியோ வேணாம். வரும்போது எனக்குக் குடிக்கத் தே தாரேக் ஒண்ணு கட்டிக்கிட்டு வாங்க."

வந்தார்கள். ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு சீனப் பெரியவர் வந்தார். அமுதா என்பது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது. மலாய்க்காரப் பையன் ஒருவன் "அமுதா மாச்சாம் மானா?" என்று மலாயில் அதையே கேட்டுவிட்டு, மறுபடி போய் இன்னொரு நம்பர் எடுத்தான். நாற்காலிகள் நிறைந்தன. புதிதாக டிரைவராகச் சேர வந்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். சுவரில் இருந்த திரையில் காத்திருக்கும் நேரம் ஏறிக்கொண்டே போனது. அந்தத் திரை தலைமையகத்திலும் தெரியும் போலிருக்கிறது. மதியம் சாப்பாட்டு வேளைக்கு உள்ளறையிலிருந்து மேலாளர் வந்தார்.

"யார் அமுதவள்ளி?"

எழுந்தாள்.

"முகத்தைத் தூக்குங்க." தன் போனில் இருந்த பழைய படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதானே இது?"

"நான்தாங்க."

அந்தப் படத்துக்குப் பதிலாக அவளைப் புதிதாகப் படம் பிடித்து எதையோ தட்டினார். அவள் போன் சிணுங்கியது. கணக்கு திறந்திருந்தது. அவ்வளவுதான் வேலை. தும்மலுக்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை.

"இனிமே ஒருத்தர் விஷயத்துக்கு இன்னொருத்தர் வந்து உக்காந்தா ரெண்டு பேர் பேரையும் சிஸ்டத்துல போட்டுருவேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

'மனித முகம்' அன்று மாலையே வெற்றியை அறிவித்தது. ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நாச்சியப்பன் வரைபடம் போட்டு விளக்கினார்: மௌன ஊர்வலம், இரண்டாம் மொட்டை, உரையாடல், விளைவு. கோடு நேராக மேலே ஏறியிருந்தது. அமுதவள்ளியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாள். விஜயன், அவள் வேலைக்குக் கிளம்புவதை மூன்று நாள் கண்ணால் பார்த்த பிறகுதான், ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான். கேட் வரை இன்னும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் ரமணியின் கணக்கு மூடப்பட்டது. முகம் பொருந்தியது. காரணம் அதுவல்ல. சேவைக்கு இடையூறு என்று வந்திருந்தது.

"விடுலா, பார்த்துக்கலாம்" என்றாள் ரமணி தொலைபேசியில். "திங்கக்கிழமை சுபாங் போறேன். நீ வர்றியா? ஒரு நம்பர் எடு, போதும்."

"வரேன் ரமணி. கண்டிப்பா வரேன்."

இயக்கத்துக்கும் சொல்லிப் பார்த்தாள். மதுமிதா ரமணியின் படத்தைக் கேட்டாள். பார்த்துவிட்டு, "முடி இருக்கே ஆன்டி" என்றாள்.

திங்கட்கிழமை அமுதவள்ளி சுபாங் ஜெயாவில்தான் ஓர் ஆளை இறக்கினாள். சென்டருக்கு எதிரே காடியை நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் ரமணி தெரிந்தாள். மடியில் பை, கையில் நம்பர். பக்கத்து நாற்காலிகளில் யாரும் இல்லை. சீனப் பெரியவர் வரவில்லை. மலாய்க்காரப் பையனும் வரவில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

அமுதவள்ளி கதவின் பிடியில் கை வைத்திருந்தாள். போன் சிணுங்கியது. கிள்ளானுக்கு ஒரு சவாரி, நல்ல சவாரி. ஏற்க விருப்பமா என்று கேட்டு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் விஜயனை நினைத்தாள். தொட்டாள்.

அன்று மாலை ரமணியிடமிருந்து செய்தி வந்தது: 'பரவால்ல, நீ ஓட்டு.'

ரமணிக்காக ஒரு நம்பர் எடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரமணிக்கு என்னா ஆச்சு என்று கேட்க வேண்டியது அமுதவள்ளியின் கடன். இன்னும் கேட்கவில்லை.